எந்த விமானத்தை வாங்குவது?

சென்ற கோடையில் பாய்மங்களின் இயக்கம் பற்றிய பாடத்தை முடித்து, விமானத்தின் இறக்கைக்குத் தூக்குவிசை எவ்வாறு கிடைக்கிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். சிவகாசிக்குப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். தாய், தந்தை இருவருமே பட்டாசு ஆலையில் வேலை செய்பவர்கள். "சார், சொந்தமா ஒரு சின்ன விமானம் வாங்கி நாமே ஓட்டணும்னா, எதை வாங்கலாம்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடை தெரியவில்லை என்பதுதான் காரணம். "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். அந்த 'நாளை' வந்து சேர இரண்டு மாதங்கள் ஆயின. அந்த இரண்டு மாதங்களில் நான் படித்தறிந்தவற்றையே இங்கு உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

அது சிரிக்க வேண்டிய கேள்வியே அன்று. நம் நாட்டிலே, 1930ஆம் ஆண்டையொட்டி, சில இளைஞர்கள் இதே கேள்வியை மெய்யாகவே கேட்டார்கள். பணம் கொடுத்தும் வாங்கினார்கள். அவர்கள் எதை வாங்கினார்கள், ஏன் வாங்கினார்கள் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முதல் உலகப்போர் முடிந்தபோது விமானம் என்பது அரசுகளின் உடைமை. தனி மனிதர் வாங்கி, வீட்டுக்கருகில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை பறக்கும்படியான விமானம் எதுவும் இல்லை. அந்தக் குறையை நீக்கியவர் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் என்னும் ஆங்கிலப் பொறியாளர். 1925 பிப்ரவரி 22ஆம் நாள் அவருடைய 'மாத்' முதன்முதலாகப் பறந்தது. மாத் என்றால் அந்துப்பூச்சி. டி ஹாவிலண்டுக்குப் பூச்சியியலில் பேரார்வம் உண்டு. அதனால் தம் விமானங்களுக்குப் பூச்சிகளின் பெயரையே வைத்தார். பெயரும் பொருத்தமானதே. இந்த விமானத்தின் இறக்கைகளை, அந்துப்பூச்சி உட்காரும்போது மடக்கிக்கொள்வதுபோல, பின்னோக்கி மடக்கிவிடலாம். விரித்தால் 9 மீட்டர் அகலமுள்ள விமானம், மடக்கினால் 3 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு காரின் பின்னால் கட்டி இழுத்துச் சென்று கொட்டகையில் விட்டுவிடலாம்.

எஞ்சினின் கதை இன்னும் சுவையானது. போரில் மிஞ்சிப்போன ரெனோ எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்தன. அவை எட்டு உருளைகள் கொண்டவை. ஃபிராங்க் ஹால்ஃபோர்டு என்னும் பொறியாளர் அந்த எஞ்சினைப் பாதியாக்கி, நான்கு உருளைகள் கொண்ட புதிய எஞ்சினை அமைத்தார். பழைய இரும்புக் கடையில் வாங்கிப் புது வண்டி செய்யும் நம் ஊர்ப் பட்டறைக்காரரின் மூளைதான் இதுவும்! பழைய எஞ்சின்களின் இருப்புக் கரைந்ததும், 'ஜிப்ஸி' என்ற பெயரில் 100 குதிரைத்திறன் உள்ள புதிய எஞ்சினைச் செய்தார்கள். அதைப் பொருத்திய விமானமே புகழ்பெற்ற ஜிப்ஸி மாத். விலை 650 பவுன். அன்றைய நாணய மாற்று வீதத்தில், கப்பல் கூலியும் சுங்கமும் நீங்கலாக, ஏறக்குறைய 8,700 ரூபாய்.

1929இன் இறுதியில் ஆகாகான் ஒரு பரிசை அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே, எந்தத் திசையிலேனும், ஒரு மாதத்துக்குள் தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன். மூவர் முயன்றனர்: மன்மோகன் சிங், பதினேழே வயதான ஆஸ்பி எஞ்சினியர், 1929 பிப்ரவரியில் இந்தியாவின் முதலாம் எண் விமானி உரிமம் பெற்றிருந்த ஜே.ஆர்.டி. டாட்டா. மூவரும் ஏறியது ஜிப்ஸி மாத்! கராச்சியிலிருந்து மேற்கே சென்ற டாட்டாவும், இங்கிலாந்திலிருந்து கிழக்கே வந்த ஆஸ்பியும் எகிப்தில் அபூகீர் விமானத்தளத்தில் சந்தித்தனர். தீப்பொறிச் செருகி கிடைக்காமல் ஆஸ்பி அங்கே முடங்கிக் கிடந்தார். டாட்டா தம்மிடமிருந்ததைக் கொடுத்தார். பரிசை ஆஸ்பி வென்றார். அவரே பின்னாளில் இந்திய விமானப்படையின் தலைவரானார். மன்மோகன் சிங் முதலில் வந்து சேர்ந்தும் ஒரு மாதக் கெடு கடந்துவிட்டது.

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாட்டாவிடமிருந்த செருகி ஆஸ்பியின் எஞ்சினுக்குப் பொருந்தியது. இருவரும் ஒரே வகை விமானத்தில் சென்றதன் பயன் இது. அதே மே மாதம், அதே வழியில், ஆமி ஜான்சன் என்ற இருபத்தாறு வயதுப் பெண் பழைய ஜிப்ஸி மாத் ஒன்றை வாங்கி, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை தனியே பறந்தார். வழியில் கராச்சி, ஜான்சி, கல்கத்தா ஆகிய இடங்களில் இறங்கினார். பலர் வைத்திருக்கும் வண்டியை வாங்கினால் உதிரி உறுப்பும் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவரும் கிடைப்பார். விளம்பரத் தாளில் வேகம், உயரம், விலை எல்லாம் அச்சிட்டிருப்பார்கள். இதை அச்சிட மாட்டார்கள்.

இனி ஜிப்ஸி மாத்தின் குறைகளுக்கு வருவோம். விமானி அமரும் இடம் திறந்தவெளி. காற்றும் மழையும் புழுதியும் முகத்தில் அறையும். முன்னும் பின்னுமாக இரண்டே இருக்கைகள். பின்னிருப்பவருடன் பேசக் குழாய் வேண்டும். பயண வேகம் மணிக்கு 137 கி.மீ. மட்டுமே. மேலும் கீழும் இரண்டு இறக்கைகள், அவற்றைப் பிணைக்கும் கம்பிகள், தண்டுகள் எல்லாம் சேர்ந்து காற்றில் இழுவையைத் தருகின்றன. அன்றைய பணக்காரர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "மூடிய அறையுள்ள கார் போல ஒன்று இல்லையா?" என்று கேட்டிருந்தால் வியப்பில்லை.

அதற்கு விடையாக டி ஹாவிலண்ட் நிறுவனம் 1929இல் பறக்கவிட்டது 'பஸ் மாத்'. ஒற்றை இறக்கை, அதுவும் தலைக்கு மேலே. மூடிய அறை. எஃகுக் குழாய்களாலான உடல். 120 குதிரைத்திறன் உள்ள ஜிப்ஸி எஞ்சினைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பொருத்தினார்கள். உருளைகள் கீழே போய்விட்டதால் விமானியின் பார்வைக்கு மறைப்பு இல்லை. விலை 1,000 பவுன், அதாவது ஏறக்குறைய 13,300 ரூபாய்.

இந்த இரண்டையும் கணக்குப் போட்டு ஒப்பிடுவோம். ஜிப்ஸி மாத்தின் வெற்று எடை சுமார் 417 கி.கி.; ஏற்றக்கூடிய எல்லாவற்றையும் சேர்த்து 748 கி.கி. ஆக, ஆளும் எரிபொருளும் மூட்டையும் சேர்ந்து 331 கி.கி. கொள்ளும். பஸ் மாத்துக்கு வெற்று எடை சுமார் 574, முழு எடை 930. ஆகவே சுமை 356 கி.கி. நாலாயிரத்து அறுநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தும் சுமையில் கிடைத்தது 25 கி.கி.தான்! மூடிய அறையும், மணிக்கு 170 கி.மீ. அளவிலான வேகமும் மீதிப் பணத்துக்கு ஈடு.

ஆனால் வேகத்துக்கு வேறொரு விலையும் உண்டு. முழு எடையை இறக்கையின் பரப்பால் வகுத்தால், ஜிப்ஸி மாத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரும் 33 கி.கி. சுமக்கிறது, பஸ் மாத்தில் 45 கி.கி. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்று படித்திருக்கிறீர்கள். ஆகவே, மற்றவை ஒத்திருப்பின், பஸ் மாத் கீழே விழாமல் மிதக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 45/33 என்பதன் வர்க்கமூலம், அதாவது 1.17 மடங்கு. தரையிறங்கும்போது ஆறில் ஒரு பங்கு கூடுதல் வேகம். ஓடி நிற்கும் தூரமோ வர்க்கமாகக் கூடும்: மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வழவழப்பான உடலாதலால் இறங்கும்போது எளிதில் வேகமும் குறையாது. இதற்காக, சக்கரத் தாங்கிகளின் மேலுறையைக் குறுக்காகத் திருப்பிக் காற்றைத் தடுக்கும் ஓர் ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். பறவை இறங்கும்போது காலைத் தொங்கவிடுகிறதே, அது போல.

இவை போகட்டும். பஸ் மாத்தின் வரலாற்றில் இதைவிடக் கடுமையான பக்கம் ஒன்றுண்டு. 1930 முதல், பறந்துகொண்டிருக்கும்போதே இந்த விமானங்களின் இறக்கை ஒடிந்து விழுந்த நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்ந்தன. 1931 மே மாதம் தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலைகளின் மீது, கிளென் கிட்ஸ்டன் என்ற புகழ்பெற்ற விமானி பலத்த காற்றில் சிக்கி மாண்டது பஸ் மாத்தில்தான். இறக்கையின் வலிமையைக் கணக்கிட்டுத்தான் செய்திருந்தார்கள். தரையில் மூட்டைகளை ஏற்றிச் சோதித்தும் பார்த்திருந்தார்கள். பின் ஏன் ஒடிந்தது?

ஆராய்ந்தபோது குற்றவாளி இறக்கை அன்று, இறக்கையை உடலோடு பிணைக்கும் முன்புறத் தாங்குதண்டு என்று தெரிந்தது. நீளமான மெல்லிய தண்டு அது. பனையோலை ஒன்றைக் காற்றுக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். மெல்லிய காற்றில் சும்மா இருக்கும்; குறிப்பிட்ட வேகம் வந்ததும் படபடவென அடித்துக்கொள்ளும். காற்றின் தாக்கமும் தண்டின் இயல்பான அதிர்வும் ஒன்றுக்கொன்று இசைந்துவிட்டால், ஒவ்வோர் அசைவிலும் காற்று சிறிது ஆற்றலைத் தண்டுக்குள் ஊட்டும். ஊஞ்சலை உரிய நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் வீச்சுப் பெருகுகிறதல்லவா? கொந்தளிப்பான காற்றில் தண்டு இப்படி அதிர்ந்து வளைந்தது. தண்டு போனதும் இறக்கையும் போயிற்று. அசையாத மூட்டைகளை ஏற்றிச் செய்த சோதனையில் இது தெரிந்திருக்க வழியில்லை.

மருந்து எளிதாக இருந்தது. முன் தண்டையும் பின் தண்டையும் இணைத்து நடுவே சிறிய துணைத்தண்டு ஒன்றைப் பொருத்தினார்கள். அதிரும் நீளம் குறைந்தது, இயல்பு அதிர்வெண் உயர்ந்தது, ஆபத்து நீங்கியது. ஒரு முழ நீளத் தண்டு! அது இல்லாததால் எத்தனை உயிர்கள்! இதைச் சொன்னபோது என் வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு வேலைக்கூடத்தில் விபத்து நடந்த பிறகுதான் அங்கே கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்ற விதி பிறக்கிறது என்பதை எங்கள் வட்டாரப் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

புதிதாக வெளிவந்த எந்தப் பொறியையும் முதல் ஆண்டிலேயே வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சில ஆண்டுகள் மற்றவர்கள் ஓட்டட்டும். கோழைத்தனம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

1932 அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் டாட்டா பறந்தது இந்தப் பஸ் மாத்தில்தான். அகமதாபாத்தில் எரிபொருள் மாட்டுவண்டியில், தகர டின்களில் வந்தது. பம்பாயிலிருந்து நெவில் விண்டசென்ட் தபாலைப் பெற்று, பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னைக்குக் கொண்டுவந்தார். இந்தியாவின் முதல் சொந்த விமானப் போக்குவரத்து இவ்வாறு இரண்டு பஸ் மாத்துகளுடன் தொடங்கி, தமிழ் மண்ணில் வந்து நின்றது. பரிசுப் பந்தயத்துக்கு ஜிப்ஸி மாத்தில் சென்ற அதே டாட்டா, தபாலுக்கு ஏன் வேறு விமானத்தை எடுத்தார்? தபால் நனையக்கூடாது, கெடு தவறக்கூடாது, வாரந்தோறும் பறக்கும் விமானியின் களைப்பையும் எண்ண வேண்டும். வேலை மாறியது, விமானமும் மாறியது. ஆனால் பம்பாய் ஜூஹுவில் இருந்தது வெறும் மண்தரை. மழைக்காலத்தில் அது சேறாகிவிடவே, விமானங்களைப் புனாவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. வானம் எத்தனை தெளிவாக இருந்தாலும் தரை இடம் கொடுக்காவிட்டால் பறக்க முடியாது.

இந்த வரிசையில் மூன்றாவது 'லெப்பர்டு மாத்'. 1933 மே மாதம் முதலில் பறந்தது. அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் மன்னர் கோப்பைப் பந்தயத்தை வென்றது. இதில் எஃகுக் குழாய் உடலைக் கைவிட்டு மறுபடியும் ஒட்டுப்பலகைக்கே திரும்பினார்கள். பின்னடைவு என்று எண்ண வேண்டாம். வெற்று எடை சுமார் 586 கி.கி.; பஸ் மாத்தைவிட 12 கி.கி.தான் அதிகம். ஆனால் முழு எடை 1,010 கி.கி. ஆகவே சுமை 424 கி.கி.! முன்னே விமானி, பின்னே பக்கம்பக்கமாக இருவர். எஞ்சின் 130 குதிரைத்திறன். பயண வேகம் மணிக்கு 190 கி.மீ.; ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் 1,100 கி.மீ.க்கு மேல் போகலாம். மூன்றிலும் சிறந்தது இதுவே என்பது என் முடிவு. 1982இல் தம் முதல் தபால் பயணத்தின் பொன்விழாவுக்காக, எழுபத்தெட்டு வயதில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மறுபடியும் தனியே பறந்தபோது டாட்டா ஏறியது பஸ் மாத்தில் அன்று, லெப்பர்டு மாத்தில்.

மரமும் துணியும் கொண்ட விமானம் நம் வெயிலில் நிலைக்குமா என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் சிவகாசிக்கு இந்தக் கதையில் ஓர் இடம் கிடைக்கிறது. இறக்கையின் மேல் போர்த்திய துணியை விறைப்பாக்க ஒரு பூச்சு பூசுவார்கள். அது பெரும்பாலும் நைட்ரோ செல்லுலோசைக் கரைத்துச் செய்தது. வெடிபஞ்சுக்கு நெருங்கிய உறவுக்காரன். உலர்ந்த பிறகும் எளிதில் தீப்பற்றும். இந்தப் பூச்சு சூரியனின் புறஊதாக் கதிர்களால் கெட்டுத் துணி மக்கிப்போகும். அதைத் தடுக்க மேலே வெள்ளிநிறப் பூச்சு ஒன்று. அந்த வெள்ளி நிறம் எதனால் தெரியுமா? அலுமினியத் தூளால்! எங்கள் ஊரில் கம்பி மத்தாப்பில் வெண்பொறியாகச் சிதறுவதும், வெடியில் கண்ணைப் பறிக்கும் ஒளியைத் தருவதும் அதே அலுமினியத் தூள்தான். அங்கே ஆக்சிஜனை அள்ளித்தரும் உப்போடு கலந்து எரிகிறது. இங்கே செதில்செதிலாகப் படிந்து கதிரைத் திருப்பி அனுப்பிக் காக்கிறது. பொருள் ஒன்று, வேலை இரண்டு.

ஈரமும் மரவிமானத்துக்குப் பகை. அக்காலத்துப் பலகைகளை ஒட்டியது பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை; ஈரத்தில் வலுவிழக்கும், பூஞ்சை பிடிக்கும். எங்கள் வட்டாரத்தின் வறண்ட காற்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஏற்றது என்பார்கள். அந்த வகையில் மரவிமானத்துக்கும் ஏற்றதுதான். ஆனால் வெப்பம் வேறு கணக்கு. நாற்பது பாகை செல்சியசில் காற்றின் அடர்த்தி, பதினைந்து பாகையில் இருப்பதில் 92 விழுக்காடுதான். இறக்கைக்குத் தூக்குவிசை குறைகிறது. எஞ்சினுக்கு மூச்சும் குறைகிறது. சுழல்விசிறியின் பிடியும் தளர்கிறது. மூன்றும் சேர்ந்து, மேலெழ ஓட வேண்டிய தூரம் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கூடிவிடும். இங்கிலாந்தின் குளிரில் அளந்து அச்சிட்ட எண்ணை நம்பி விருதுநகரின் சித்திரை நண்பகலில் புறப்படுபவர், ஓடுதளத்தின் முடிவில் உள்ள வேலியைச் சந்திப்பார்.

விடுதலைக்குப் பின் கதை மாறியது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் சிறு விமானம் இறக்குமதி செய்வது அரிதாயிற்று. பறக்கும் சங்கங்களில் டைகர் மாத்துகள் உழைத்துத் தேய்ந்தன. பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் வி.எம். காட்கே தலைமையில் உருவான 'புஷ்பக்' 1958 செப்டம்பரில் பறந்தது. 90 குதிரைத்திறன், பக்கம்பக்கமாக இரண்டு இருக்கைகள், மூடிய அறை, துணி போர்த்திய மேலிறக்கை. முழு எடை ஏறக்குறைய 610 கி.கி., சுமை 220 கி.கி. இருவர் ஏறிவிட்டால் எரிபொருளுக்கும் கைப்பைக்கும் மட்டுமே இடம். வேகத்தில் பழைய ஜிப்ஸி மாத்தைவிடப் பெரிய முன்னேற்றம் ஒன்றுமில்லை. ஆனாலும் எத்தனையோ இந்திய விமானிகள் பறக்கப் பழகியது அதில்தான்.

அமெரிக்காவில் 1955இல் பறந்த செஸ்னா 172 உலகிலேயே மிக அதிகமாகச் செய்யப்பட்ட விமானமாயிற்று, நாற்பதாயிரத்துக்கும் மேல். அதன் வெற்றியில் மூக்குச் சக்கரத்துக்கும் பங்குண்டு. மாத், புஷ்பக் போன்றவற்றில் மூன்றாவது சக்கரம் வாலில் இருக்கும். பொருண்மை மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் விழும். தள்ளுவண்டியைப் பின்னிருந்து தள்ளும்போது சிறிது கோணினாலும் மேலும் கோணுவது போல, தரையில் ஓடும்போது விமானம் திரும்பத் தொடங்கினால் திரும்பிக்கொண்டே போகும். மூக்குச் சக்கர விமானத்தில் பொருண்மை மையம் முன்னே இருப்பதால் தானாக நேராகும். புதிதாகப் பழகுபவருக்கு இது பெரிய பாதுகாப்பு. பெங்களூர் தேசிய விமான ஆய்வகத்தின் 'ஹன்சா' 1993இல் இந்த அமைப்புடனும், கண்ணாடி இழை உடலுடனும் பறந்தது. அதன் புதிய வடிவம் 2021இல் பறந்தது. துணியும் இல்லை, வெள்ளிப் பூச்சும் இல்லை.

இவ்வளவையும் இரண்டு வகுப்புகளில் சொல்லி முடித்து, அந்த மாணவரிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். விமானங்களின் எடைகளை எழுதி, நாற்பது பாகை வெப்பத்துக்குக் கணக்கிட்டு, எது வேண்டும் என்று சொல்லும்படி கேட்டேன். எரிபொருள் சொட்டாமல் விலை பேசும் ஹன்சாவையோ செஸ்னாவையோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் வந்தார். "லெப்பர்டு மாத் சார்" என்றார்.

"அது 1936உடன் செய்வதையே நிறுத்திவிட்டார்களே, தம்பி. உதிரி உறுப்புக்கு எங்கே போவாய்? முதல் நாளே சொன்னேனே?"

"தெரியும் சார். ஆனா ஹன்சாவில ரெண்டே சீட்டு. செஸ்னாவில நாலு; ஒண்ணு காலியாப் போகும். இதுலதான் நான் முன்னாடி, அம்மாவும் அப்பாவும் பின்னாடி. கணக்குச் சரியா இருக்கு" என்று தாளை நீட்டினார். தாயின் எடை, தந்தையின் எடை, தம் எடை, எரிபொருள், ஒரு கூடை. நாற்பது பாகைக்கான திருத்தமும் போட்டிருந்தார். ஓரிடத்தில் மட்டும் வர்க்கமூலம் எடுக்க மறந்திருந்தார். அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.